குட்டைத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் நின்றவர்கள்

என் தம்பி பட்டாளத்தில் இருந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் மனதாரப் புகழ்ந்து பேசிய பொருள் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு துப்பாக்கி. பெரிய தோட்டாவைச் சுடுவதற்கென்று செய்த நீளமான போர்த் துப்பாக்கியின் குழலை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்து ஆக்கிய வகை. கதவுகளும் சந்துகளும் நிறைந்த இடங்களில் வேலை செய்யும் சிறு படைப்பிரிவு ஒன்றுக்கு அதைக் கொடுத்திருந்தார்கள். அவன் அந்தப் பிரிவில் சுடுவதற்குப் பயிற்சி தருபவனாக இருந்தான்.

விடுமுறையில் விருதுநகர் வந்திருந்தபோது எங்கள் சமையலறையில் அதன் பெருமையை எனக்கு விளக்கினான். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவள்; விளக்கம் கேட்பதில் எனக்குச் சலிப்பு வராது என்பது அவனுக்குத் தெரியும். முதலில் ஒட்டடைக் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூடத்திலிருந்து சமையலறைக்குள் நுழைந்து திரும்பினான். கம்பின் நுனி வாசல் நிலையில் இடித்தது. திரும்பிய வேகத்தில் அலமாரியில் இருந்த டிபன் கேரியர் உருண்டு விழுந்தது.

"செத்தேன் நான். உள்ள இருக்கறவன் என்னைய முடிச்சிட்டான்" என்றான். பிறகு சப்பாத்திக் கட்டையை எடுத்துக்கொண்டு அதே வாசலில் நுழைந்தான். எதிலும் இடிக்காமல், ஒரே திருப்பில், குளிர்சாதனப் பெட்டியைக் குறிபார்த்து நின்றான். "இப்ப அவன் செத்தான். அம்புட்டுதான்க்கா வித்தியாசம். ஜீப்ல ஏறி இறங்கலாம், படிக்கட்டுல திரும்பலாம். ஆனா உள்ள போறது அதே பெரிய தோட்டா. சின்ன ஆளு, பெரிய அடி."

"கேரியரை எடுத்து வைலே, பெரிய அடி" என்றேன். இருவரும் சிரித்தோம்.

பெருமையைச் சொன்ன அளவுக்குக் குறைகளையும் அவன் மறைக்கவில்லை. சுடும்போது முனையில் பந்தளவு நெருப்பு வரும். இருட்டில் அதைச் சுட்டவனுக்கே கொஞ்ச நேரம் கண் தெரியாது. குண்டின் வேகம் குறைந்துபோகும். தூரத்தில் இருப்பதை அடிக்க உதவாது. தோளில் உதைக்கும். சத்தத்தைப் பற்றி மட்டும் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. பட்டாசு செய்யும் ஊர்ப்பக்கம் பிறந்தவர்கள் சத்தத்தைக் குறையாகச் சொல்லிக்கொள்வது வழக்கமில்லை.

திரும்பிப் போன பிறகு, ஏன் அது இப்படி நெருப்பைக் கக்குகிறது என்று கேட்டு எழுதினான். முகாமில் தொலைபேசிக்குக் கட்டுப்பாடு இருந்ததால் நாங்கள் கடிதம் எழுதிக்கொண்ட காலம் அது. நான் நான்கு பக்கம் பதில் எழுதினேன். தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து நீளமான குழலின் வழியெல்லாம் எரிந்து முடிப்பதற்கென்று அளந்து வைக்கப்பட்டது. குழலைப் பாதியில் வெட்டிவிட்டால் குண்டு வெளியே போன பிறகும் மருந்து எரிந்துகொண்டே இருக்கும். நீ பார்க்கும் நெருப்பு உள்ளே செய்து முடித்திருக்க வேண்டிய வேலை, வெளியே வந்து வீணாகிறது என்று எழுதினேன். அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. பன்னிரண்டாம் வகுப்பில் அதைச் சொல்லியும் காட்டினேன்.

அந்த நெருப்போடு வெளியேறும் காற்றின் அடி யார் காதில் போய் விழும் என்பது அந்த நான்கு பக்கங்களில் எங்கும் இல்லை. தெரியாமல் விடுபட்டது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. அழுத்த அலை எப்படிப் பரவும் என்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தவள் நான். அடுத்த முறை தொலைபேசியில் பேசியபோது, "ரெண்டு நாளா காதுக்குள்ள சில்வண்டு கத்துதுக்கா" என்றான். "சரியாப் போயிரும்" என்றேன். வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தோம்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவன் சில மாதங்களிலேயே ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். "நம்ம கோயில் பாடகர் குழுவுல பொம்பளைக எல்லாம் வாயை மட்டும் அசைக்கிறாகளா?" என்று கேட்டான். கேலியாகத்தான் கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மதியம் குக்கரில் ஆவி சீறிக்கொண்டிருக்க, அதற்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து அவன் அமைதியாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஆண்களின் குரல் அவனுக்குக் கேட்டது. லாரி கேட்டது. கோயில் மணி கேட்டது. உயர்ந்த சுருதியில் வரும் மெல்லிய ஒலிகள் மட்டும் அவன் உலகத்திலிருந்து போய்விட்டிருந்தன. தொலைபேசியில் பேச்சு அவனுக்குப் புரியவில்லை. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் மேற்பார்வை செய்யும் போர்மேன் வேலைக்கு ஆள் தேவை என்று தெரிந்தபோது அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் வெகுநாள் கழித்துப் பார்த்தேன். அதற்கான பயிற்சியை முடித்தான், தேர்வும் எழுதினான். சும்மா இருப்பது அவனைத் தின்றுகொண்டிருந்தது. முதலாளி எங்கள் தந்தையை அறிந்தவர். நான் அவரை அண்ணாச்சி என்று அழைப்பேன். நேர்காணலுக்கு நானும் கூடப் போன அன்று, தம்பி நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே, அண்ணாச்சி கண்ணைக் காட்ட, வெளியே ஒருவர் பெரிய வெடி ஒன்றைக் கொளுத்தி அவன் முதுகுக்குப் பின்னால் வெடிக்கவிட்டார். தம்பி திரும்பவில்லை. பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பேசி முடித்தான்.

"ஆளு அசையலையே!" என்று அண்ணாச்சி மேசையைத் தட்டினார். "பட்டாளத்து நெஞ்சுன்னா இதுதான் டீச்சர். போன போர்மேன் இதுக்கு நாற்காலியோட விழுந்தான்."

எங்கள் பக்கத்தில் வேலைக்கு ஆள் பார்க்கும்போது இப்படி ஒரு வெடி வைத்துப் பார்ப்பது வழக்கம்தான். சத்தத்துக்கு நடுங்குபவன் மருந்தைச் சிந்திவிடுவான் என்பது கணக்கு. அந்த வெடி தம்பிக்கு நன்றாகவே கேட்டிருந்தது. ஆயிரக்கணக்கான வெடிகளுக்குப் பக்கத்தில் நின்றவனுக்கு அது ஒரு பொருட்டாக இல்லை, அவ்வளவுதான். ஆனால் பட்டாசுத் தொழிற்சாலையில் ஒருவன் கேட்க வேண்டிய ஒலி வெடி அல்ல. வெடிக்கு முன்னால் வரும் ஒலி. ஈரம் பட்ட மருந்துக் கலவை தானாகச் சூடேறும்போது, தீப்பற்றுவதற்குச் சற்று முன், மெல்லச் சீறும். அதனால்தான் காலையில் ஒவ்வோர் அறையையும் திறக்கும் போர்மேன் உடனே உள்ளே கால் வைப்பதில்லை. வாசலில் நின்று பார்ப்பார், முகர்வார், காது கொடுப்பார். அதன் பிறகுதான் வேலை செய்யும் பெண்கள் உள்ளே போவார்கள். அண்ணாச்சியின் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோதே இது அத்தனையும் எனக்குத் தெரியும்.

உடல்தகுதிச் சான்றுக்குக் காதும் பார்க்க வேண்டியிருந்தது. சிவகாசியில் காதுப் பரிசோதனை செய்யும் பெண் என்னிடம் படித்தவள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். "மிஸ், நீங்க வெளிய வெயில்ல நிக்கக் கூடாது, உள்ளயே உக்காருங்க" என்று தன் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டாள். தம்பி எனக்கு எதிரே, காதுகளை மூடிய கருவியோடு இருந்தான். ஒலி கேட்டால் கையைத் தூக்க வேண்டும். அவள் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் இயந்திரத்தில் ஒரு சிறு பச்சை விளக்கு எரிந்தது. அவனுக்கு அது தெரியாது, எனக்குத் தெரிந்தது.

நாங்கள் முன்கூட்டி எதையும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. முதல் சில ஒலிகளுக்கு அவனாகவே கையைத் தூக்கினான். பிறகு விளக்கு எரிந்தது; அவன் கை எழவில்லை. மறுபடி எரிந்தது. அவன் என்னைப் பார்த்தான். நான் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளினேன். அவன் கையைத் தூக்கினான். பச்சை விளக்கு, என் கண்ணாடி, அவன் கை. என் மாணவி இயந்திரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாருக்குக் காது எங்களையெல்லாம் விட நல்லா இருக்கு மிஸ்" என்று சொல்லிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். தேநீரும் வாங்கித் தந்தாள். குடித்தேன்.

அவன் நல்ல போர்மேனாகத்தான் இருந்தான். தொழிற்சாலைக்குள் கைப்பேசியோடு யாரையும் விடமாட்டான். உரசினால் பொறி பறக்கும் என்று, உலோகச் சட்டி வைத்திருந்தவரைத் திட்டி மரத்தட்டு வாங்க வைத்தான். அவன் வந்த பிறகு வேலை ஒழுங்காயிற்று என்று எல்லோரும் சொன்னார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் சற்று இளகும். ஒருவேளை நான் செய்தது நன்மைதானோ என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அந்தச் சொற்கள் போதுமானவையாக இருந்தன. மழை வாசனை வரும் நாட்களில் மட்டும் வகுப்பறையில் நின்றுகொண்டு தொழிற்சாலை இருக்கும் மேற்குத் திசையைப் பார்ப்பேன்.

அது நடந்தது ஒரு திங்கட்கிழமைக் காலை. சனிக்கிழமை திடீரென்று மழை பிடித்துக்கொள்ள, வேலையாட்களின் வேன் சீக்கிரம் கிளம்பிவிட்டது. ஓர் அறையின் மூலையில், காகிதத்துக்கு அடியில், கொஞ்சம் கலவை மிஞ்சிக் கிடந்தது யார் கண்ணிலும் படவில்லை. திங்கட்கிழமை தம்பி வழக்கம்போல அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வந்தான். பெண்கள் வேப்பமரத்தடியில் காத்திருந்தார்கள். நான்காவது அறையைத் திறந்து, விதிப்படி, வாசலில் நின்று காது கொடுத்தான். உள்ளே மருந்து சீறிக்கொண்டிருந்தது. மரத்தடியில் இருந்த ஒருத்திக்கு அது கேட்டது. அவள் கத்தினாள். அவன் நின்றுகொண்டே இருந்தான். அவள் மறுபடியும் கத்திவிட்டு, ஓட வேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் ஓடி, அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வாய்க்காலில் தள்ளினாள். அறை வெடித்துக் கூரை போயிற்று. அவனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவளுக்கு வலது கை முழுக்கவும் பிடரியிலும் தீக்காயம்.

மறுநாள் மருத்துவமனையில் அவளைப் பார்க்கப் போனேன். நாற்பது வயது இருக்கும். கை கொசுவலைக்குள் ஒரு தலையணை மேல் கிடந்தது. பக்கத்தில் அவள் கணவர் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க டீச்சர். சார் எப்படி இருக்காக? சாப்பிட்டாகளா?" என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

"நல்லா இருக்கான். உங்களாலதான் இருக்கான்."

"ரெண்டு தரம் கத்துனேன் டீச்சர். அசையலையே! என்னதான் நடக்குதுன்னு பாத்துட்டுத்தான் நகருவேன்னு நிக்காக. பட்டாளத்து ஆளுன்னா அப்படித்தான் போல. இந்த மனுசனா இருந்தா மொதச் சத்தத்துக்கே கம்மாயத் தாண்டியிருப்பாரு."

"நீ கத்துனா நான் தெனமும் ஓடத்தானே செய்றேன்" என்றார் கணவர். அவள் சிரித்தாள், சிரித்ததில் பிடரி இழுத்து முகம் சுருங்கியது.

அதற்குமேல் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அவனுக்குக் காது கேட்காது என்று சொன்னேன். அவள் கத்தியதும் கேட்கவில்லை, மருந்து சீறியதும் கேட்கவில்லை. அவனுக்கு அந்தச் சுருதிகள் கேட்பதே இல்லை.

"ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?" என்று அவள் கேட்டாள்.

"தெரியும். நான்தான் மறைச்சேன்."

அவள் கணவர் எழுந்து சன்னலருகே போய் நின்றுகொண்டார். அவள் தன் கையை யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"எங்க வரிசையில பன்னெண்டு பொம்பளைக டீச்சர்" என்றாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். பிறகு, "மொதலாளிகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா பொம்பளைப் பேச்சுன்னு தள்ளிருவாக" என்றாள்.

அண்ணாச்சியிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று அன்று மாலையே தம்பியிடம் சொன்னேன். முழங்காலில் மருந்து போட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்காமல் பேசினான்.

"நீ கண்ணாடியைத் தொட்ட. நான் கையைத் தூக்குனேன். ரெண்டு பேரும் சேந்து செஞ்சோம். இப்ப நீ மட்டும் தனியாப் போயி பாவமன்னிப்பு வாங்கிக்கிடப் போற. அப்படித்தானே?"

"நீயும் வா."

"நான் அங்கன போயி நின்னா அவுக சொல்றது எனக்குப் பாதி கேக்காது. கேக்காத ஆளை எதுக்குக் கூட்டிட்டுப் போற?"

தனியாகத்தான் போனேன். அண்ணாச்சி நம்ப மறுத்தார். "நானே வெடி வெச்சுப் பாத்தேனே டீச்சர், ஒங்க கண்ணு முன்னாடி!" என்றார் திரும்பத் திரும்ப.

"வெடி கேக்கும் அண்ணாச்சி. வெடிக்கு முந்தி வர்ற சத்தம் கேக்குதான்னு நீங்க பாக்கலை. எனக்குத் தெரிஞ்சும் நான் சொல்லலை."

அவர் எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். எதற்கு என்று தெரியவில்லை. திரும்ப வந்து உட்கார்ந்து, "ஒங்க அப்பா இருந்தா ஒங்களை என்ன சொல்லியிருப்பாரு?" என்று மட்டும் கேட்டார். தம்பியை அன்றே போர்மேன் வேலையிலிருந்து எடுத்துவிட்டார். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் தன் அச்சகத்தில், வாயிற்காவலுக்கு வரட்டும் என்றார். என் மாணவியிடமும் போய்ச் சொன்னேன். அவள் எழுந்து நிற்கவில்லை. "நீங்களா மிஸ்?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்தச் சான்றை ரத்து செய்யச் சொல்லி அவள் எழுதிய கடிதத்தில் என் கையெழுத்தும் இருக்க வேண்டும் என்று நானே கேட்டு, கையெழுத்திட்டேன்.

தம்பி ஒரு மாதம் என் வீட்டுக்கு வரவில்லை. அவள் கையைப் பார்க்க மட்டும் ஒவ்வொரு செவ்வாயும் போய்வந்தான் என்று அவள் கணவர் சொல்லித் தெரிந்தது. ஒரு விடுமுறை நாளின் காலையில், தொலைபேசி எண்கள் எழுதிய பழைய குறிப்பேடு ஒன்றோடு வந்தான். சாப்பிடச் சொன்னேன், வேண்டாம் என்றான். மேசைக்கு எதிரே, என் உதடுகள் தெரியும்படி உட்கார்ந்துகொண்டான்.

"நல்ல துப்பாக்கிக்கா அது. இப்பவும் சொல்றேன். அதைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை" என்றான். "ஆனா, அதோட அடி சுடுறவனைவிடப் பக்கத்துல நிக்கிறவனுக்குத்தான் அதிகம். பக்கவாட்டுலதான் தள்ளும். நான் பயலுகளை வரிசையா நிக்க வெச்சுச் சுட வெச்சேன். காதுக்கு என்ன போடணும்னு கேட்டானுக. பஞ்சு போதும்லேன்னேன். எனக்கு என்ன ஆச்சு, நானும் பஞ்சோடதானே நிக்கேன்னு சொன்னேன். அப்பவே எனக்குச் சில்வண்டு கத்த ஆரம்பிச்சிருச்சு."

நான் நான்கு பக்கம் எழுதிய கடிதத்தைப் பற்றி அவனிடம் அன்றுதான் சொன்னேன். நெருப்பைப் பற்றி அத்தனை எழுதியவள் காதைப் பற்றி எழுதவில்லை என்று. "நீ எழுதியிருந்தா நான் அதை அவனுகளுக்கு வாசிச்சுக் காட்டியிருப்பேன்" என்றான். என்னைத் தேற்ற அவன் பொய் சொல்லவில்லை. அதற்காக அவன் மீது எனக்கு மரியாதை உண்டாயிற்று, வலிக்கவும் செய்தது.

அவனிடம் சுடப் பழகியவர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து, காதைப் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் வந்திருந்தான். தொலைபேசியில் அவர்கள் சொல்வது அவனுக்குப் புரியாது. நான் பேச வேண்டும், பதிலை அவனுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில், தமிழ் பேசுகிற ஒருவரிடமிருந்து தொடங்கலாம் என்றான். காரியாபட்டிக்காரர். ஓய்வு பெற்று, ஊரில் உரக்கடை வைத்திருக்கிறார்.

எண்ணை அழுத்தினேன். வெகுநேரம் மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தார்.

நான் யார் என்று சொல்லி, அவரோடு பேச வேண்டும் என்றேன்.

"அவுககிட்ட போன்ல பேச முடியாதுங்க. கேக்காது. என்ன விசயம்னு என்கிட்ட சொல்லுங்க, நான் சொல்லிருதேன்."

தம்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அந்தப் பெண்ணுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். குட்டைக் குழல், பெரிய தோட்டா, வரிசையாக நின்றது, பஞ்சு. எந்தெந்த ஒலிகள் முதலில் போகும் என்பதையும் சொன்னேன்: பறவைகள், குக்கர், பெண்களின் குரல்.

மறுமுனையில் நாற்காலி ஒன்றை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"அப்ப என் குரல் மட்டும் கேக்காம இருந்தது அதனாலதானா?" என்றார் அவர். "ஆம்பளைக பேசினா திரும்புவாக. நான் பேசினா திரும்ப மாட்டாக. என்னைய மதிக்கலைன்னு நெனச்சு எட்டு வருசமா நானும் பேச்சைக் கொறச்சுக்கிட்டேங்க. இந்தா, அங்கன கடையில உக்காந்திருக்காக. இப்ப நான் போயி எப்படிச் சொல்ல?"

"என்னக்கா? என்ன சொல்றாங்க?" என்று தம்பி மேசையைத் தொட்டுக் கேட்டான்.

நான் கைப்பேசியைக் கீழே வைக்காமல், அவன் முகத்துக்கு நேரே திரும்பி, ஒரு சொல்லையும் விடாமல், அவனுக்குக் கேட்கும்படி சொன்னேன்.